யந்திரக் கிராணி

தோட்டப்புறத்துத் தமிழர்களுக்குக் ‘கிராணி’ என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பட்டணத்து அன்பர்களுக்காகச் சிறிது கூறுவேன். கிராணி என்பான் தோட்ட ஆபீசில் கணக்கெழுதுபவன். அவன் துரையுமல்லன், தொழிலாளியுமல்லன். இருவருக்கும் இடையே நிற்பவன். தொழிலாளி வாயால் சொன்னதை எழுத்தாக்கித் துரையிடம் சேர்ப்பதும், துரை எழுத்தால் இட்ட கட்டளையை வாய்ச்சொல்லாக்கித் தொழிலாளியிடம் சேர்ப்பதும் அவன் வேலை. ரப்பர் மரங்கள் காடாக நின்ற அந்நாளில், எழுதப் படிக்கத் தெரியாத பல்லாயிரம் மக்களின் நாட்கூலி இவன் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. தராசு எதைக் காட்டியதோ அதுவன்று, கிராணி செக்ரோலில் எதை எழுதினானோ அதுவே உண்மையாயிற்று. நல்ல கிராணிகளும் இருந்தனர், அல்லாதாரும் இருந்தனர். ஆனால் இரு சாராரிடத்தும் இருந்த அதிகாரம் ஒன்றேயாகும். அது, பிறர் சொல்லைக் கேட்டு எழுதும் அதிகாரம்.

நானும் ஒரு கிராணியே. முப்பது வயதைக் கடந்தவன்; ஆங்கில வழியில் கல்வி கற்றவன்; செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவன். இன்று செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது. இராத்தல் கணக்குப் போய்க் குலைக் கணக்கு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் இப்பொழுது தமிழ்க் குடும்பங்கள் சிலவே எஞ்சியுள்ளன. இந்தோனேசியரும், வங்காள தேசத்தாரும், நேப்பாளியருமே மிகுதி. ஆயினும் கேட்டு எழுதும் வேலை மட்டும் மாறவில்லை.

அவ்வேலைக்கு இப்பொழுது ஒரு புதிய பங்காளி தோன்றியிருக்கிறான். அவனுக்குச் சம்பளமில்லை, விடுமுறையில்லை, உறக்கமில்லை. டெலிபோனில் நாம் பேசுவதைக் கேட்டு, அதனை எழுத்தாக்கி, இன்னது வேண்டி இன்னார் பேசினார் என்று மேலிடத்திற்குக் குறிப்பனுப்பும் யந்திரமே அவன். கற்றோர் இதனைப் பேச்சறி மென்பொருள் என்பர். நான் இவனை யந்திரக் கிராணி என்றே அழைக்க விரும்புகிறேன். ஒரு கிராணியை மற்றொரு கிராணி அறிவான் அன்றோ?

இவனுடைய பிறப்பு வளர்ப்பைச் சற்று ஆராய்வோம். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ‘ஆட்ரி’ என்றொரு கருவி செய்யப்பட்டது. பழகிய ஒருவர் குரலில், சுழி முதல் ஒன்பது வரையுள்ள எண்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அது அடையாளங் கண்டது. பத்துச் சொல்லே அதன் முழு மொழியறிவு! பின்னர் இத்துறையை வளர்த்த பெரியாருள் ஒருவர் நமக்கு அயலாரல்லர். 1937இல், அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்து, 1958இல் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி என்பாரே அவர். அமெரிக்கா சென்று ஸ்டான்போர்டிலும் கார்னகி மெலனிலும் இருந்து, தொடர்ந்து பேசும் பேச்சை யந்திரம் அறியும் வழிகளை ஆராய்ந்தார். கணினி இயலின் தலையாய பரிசாகிய டூரிங் பரிசினை 1994இல் மற்றோர் அறிஞருடன் பகிர்ந்து பெற்றார். அப்பரிசினைப் பெற்ற முதல் ஆசியர் அவரேயாவர்.

யந்திரம் எவ்வாறு கேட்கிறது? அதற்குச் செவியில்லை, பொருளறியும் நெஞ்சுமில்லை. நம் குரல் காற்றில் எழுப்பும் அலையை அது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ நூறு கூறாக நறுக்குகிறது. ஒவ்வொரு கூற்றிலும் எந்தெந்த அதிர்வு எவ்வளவு வலியுடன் இருக்கிறதென்று அளக்கிறது. பிறகு, முன்னர்த் தனக்கு ஊட்டப்பட்ட ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சுடன் அதனை ஒப்பிட்டு, ‘இவ்வொலி இச்சொல்லாக இருத்தல் கூடும்; இச்சொல்லுக்குப் பின் இன்ன சொல் வருவதே வழக்கம்’ என்று ஊகித்து எழுதுகிறது. ஆதலின் அதன் எழுத்தெல்லாம் ஊகமேயாகும். முன்பு கேட்டதைப் போன்றதை நன்றாக ஊகிக்கும். கேளாததைத் தான் கேட்ட வேறொன்றாக மாற்றி எழுதிவிடும். டெலிபோனுக்கோ இன்னுமொரு குறை உண்டு. நெடுங்காலமாக டெலிபோன் கம்பிகள் விநாடிக்குச் சுமார் 300 முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்தும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதற்கு மேற்பட்ட நுண்ணிய ஓசைகள் வழியிலேயே உதிர்ந்துபோகும். மனிதன் அவ்விடைவெளியைப் பழக்கத்தால் நிரப்பிக்கொள்வான்; யந்திரமும் பழக்கத்தாலேயே நிரப்ப வேண்டும். யாருடைய பேச்சில் அதற்குப் பழக்கம் என்பதே கேள்வி.

இந்த யந்திரத்தை வணிகமாக்கிய கம்பெனிகள் உலகிற் பல. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே தோன்றியது. 2008ஆம் ஆண்டில் உமேஷ் சச்தேவ், ரவி சராவ்கி என்னும் இரண்டு இளைஞர்கள், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் யூனிஃபோர் என்ற கம்பெனியைத் தொடங்கினர். எழுத்தறியாத கிராமத்து மனிதன் தன் தாய்மொழியில் வாயாற் பேசியே வேண்டிய செய்தியைப் பெற வேண்டும் என்பது அவர்களுடைய தொடக்கக் கருத்துகளுள் ஒன்று. நாளடைவில் அக்கம்பெனி பெரிய வணிக நிலையங்களின் கால் சென்டர்களுக்குப் பேச்சறி மென்பொருள் செய்து தருவதாயிற்று. 2016இல் அமெரிக்காவின் ‘டைம்’ பத்திரிகை சச்தேவை உலகை மாற்றும் இளைஞருள் ஒருவராகக் குறித்தது. 2022இல் அக்கம்பெனி 40 கோடி டாலர் முதலீடு பெற்றபொழுது அதன் மதிப்பு 250 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. கிராமத்தானின் நாவை நம்பி எழுந்த ஒரு நினைவு, பதினான்கு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய சொத்தாயிற்று என்றால், மனிதன் பேச்சுக்கு எத்துணை விலை என்பதை நாம் உணரலாம்.

அந்தத் தொடக்கக் கருத்தை நான் மனமார வாழ்த்துகிறேன். எழுத்தறியாமையே நம்மவரைக் கிராணியின் கையில் ஒப்புவித்தது. நேரே பேசி நேரே பதில் பெறும் காலம் வருமானால், இடையில் நிற்பவனுக்கு வேலையில்லை. அவ்வாறு என் உத்தியோகத்தில் ஒரு பாதி போவதானால், போகட்டும் என்றே சொல்வேன்.

நிற்க. கால் சென்டர் என்பது யாதெனத் தோட்டத்து அன்பர்களுக்குக் கூறவேண்டும். பாங்கு, இன்ஷூரன்ஸ், டெலிபோன் முதலிய கம்பெனிகளின் வாடிக்கைக்காரர் ஏதேனும் கேட்க நினைத்து டெலிபோன் செய்தால், பதிலிறுப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் கூடமே அது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வலயம் ஏற்பட்டபின், பினாங்கின் இளைஞர் கூட்டம் தொழிற்சாலையை நோக்கி நடந்தது. அதற்கடுத்த தலைமுறையிற் சிலர் இக்கூடங்களை நோக்கி நடக்கின்றனர். இங்கே யந்திரக் கிராணிக்கு இரண்டு வேலைகள் உண்டு. வெளியிலிருந்து பேசுவோனின் சொல்லைக் கேட்டு வழிகாட்டுவது ஒன்று. உள்ளேயிருந்து பதில் சொல்லும் ஊழியரின் சொல்லைக் கேட்டு மதிப்பெண் போடுவது மற்றொன்று. முன்பெல்லாம் மேற்பார்வையாளர் நூறு உரையாடல்களில் ஒன்றிரண்டையே கேட்டு ஊழியரின் தரத்தைக் கணிப்பர். யந்திரமோ நூற்றையும் கேட்கும். வணக்கம் சொன்னாரா, விதித்த வாக்கியங்களைச் சொன்னாரா, எத்தனை விநாடி மௌனமாயிருந்தார், குரலில் சினமிருந்ததா என்றெல்லாம் கணக்கெடுக்கும்.

என் சிற்றன்னையின் மகள், எனக்குத் தங்கை முறையானவள், ஜார்ஜ் டவுனில் இத்தகைய கூடமொன்றில் வேலை செய்கிறாள். அந்நிலையத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டர்வொர்த்திலிருந்து படகேறி நான் பட்டணம் செல்வதுண்டு. கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அவள் ஒரு செய்தி சொன்னாள்.

ஒரு நாள் முதியவர் ஒருவர் பேசினாராம். இறந்துபோன மனைவியின் இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்கவேண்டும் அவருக்கு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தொடங்குவார், நடுவில் நின்றுவிடுவார், மலாயில் ஒரு வாக்கியம், மீண்டும் மௌனம். தோட்டத்துப் பேச்சின் சாயல் அவர் குரலிற் கேட்டதும் இவள், “ஐயா, நீங்க தமிழ்லயே சொல்லுங்க, எனக்குப் புரியும்” என்றாளாம். அதன்பின் அவர் தடையின்றிப் பேசினார். மனைவியின் நோய், ஆஸ்பத்திரி, காகிதங்கள் யாவும் வெளிவந்தன. இவள் நிதானமாகக் கேட்டு, எந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டுமென்று இருமுறை சொன்னாள். “நல்லா இரும்மா” என்று வாழ்த்தி அவர் டெலிபோனை வைத்தார்.

அவ்வார இறுதியில் அவளுடைய மதிப்பெண் பட்டியல் வந்தது. இந்த ஓர் உரையாடலுக்கு மிகக் குறைந்த எண். அங்கிருந்த யந்திரத்திற்குத் தமிழ் பயிற்றப்படவில்லை. ஆதலின், விதித்த வாக்கியங்கள் சொல்லப்படவில்லை, நேரம் அளவுக்கு மீறியது, பேச்சிற் பெரும்பகுதி விளங்கவில்லை என்று அது குறித்துவிட்டது.

“அண்ணா, அன்னைக்கு நான் செஞ்ச வேலையிலேயே அதுதான் நல்ல வேலை. அதுக்குத்தான் மார்க் இல்ல” என்றாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் சென்று, பதிவைக் கேட்டுப் பார்க்கும்படி வேண்டினாள். அவர் முதலில், “எண்ணைத்தான் நான் பார்க்க முடியும்” என்றாராம். ஒரு வாரம் கழித்துத் தமிழறிந்த மற்றோர் ஊழியரைக் கொண்டு பதிவைக் கேட்கச் செய்து எண்ணைத் திருத்தினர். ஆனால் இனிமேல் அவ்வாறு மொழி மாற்றிப் பேசவேண்டாம் என்று ஒரு சொல்லும் உடன் வந்தது. எண் திருந்தியது; விதி திருந்தவில்லை.

இனி வெளியிலிருந்து பேசுவோரின் நிலையைக் காண்போம். எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். இளமையிற் பால்மரம் வெட்டியவர். எழுபதைத் தாண்டியும் கண்ணும் செவியும் தெளிவாக இருப்பவர். தமக்கு வரவேண்டிய ஒரு தொகை வராதது குறித்து ஓர் ஆபீசுக்கு டெலிபோன் செய்தார். யந்திரம் எடுத்தது. வந்த காரியத்தை வாயாற் சொல்லும்படி கேட்டது. பாட்டி மலாய் நன்றாகப் பேசுவார். ஆனால் தோட்டத்து மலாய், தமிழின் இழுப்போடு கூடியது. மூன்று முறை சொன்னார். மூன்று முறையும், விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றே அது பணிவோடு விடையளித்தது. பாட்டி டெலிபோனை என்னிடம் நீட்டி, “தம்பி, நீங்க பேசுங்க. உங்க பேச்சுதான் அதுக்குப் புரியும்” என்றார். நான் பள்ளியிற் பயின்ற ஆங்கிலத்தில் நான்கு சொல் சொன்னேன். உடனே வழி திறந்தது.

பாட்டி சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார்: “அந்தக் காலத்துத் துரைக்கும் நம்ம பேச்சு புரியாது. ஆனா மூஞ்சியையாவது பாப்பாரு.”

இச்சொல்லை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். என் நாவில் இருந்தது அறிவன்று. கட்டணம் செலுத்திப் பெற்ற ஓர் உச்சரிப்பு. பாட்டியின் வழக்கை என்னைவிட அவரே நன்றாக அறிவார். ஆனாலும் கதவு அறிந்தவருக்குத் திறக்கவில்லை, உச்சரித்தவனுக்குத் திறந்தது. பழைய கிராணியை ஒழிக்க வந்த யந்திரம், அன்று ஒரு கிராணியின் துணையின்றி வேலை செய்யவில்லை!

யந்திரம் பாட்டியை வேண்டுமென்று இகழவில்லை என்பது மெய்யே. அதற்கு விருப்பு வெறுப்பில்லை. ஆயினும் ஊட்டியதெதுவோ அதுவே அதன் அறிவு. 2020இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், ஐந்து பெருங்கம்பெனிகளின் பேச்சறி யந்திரங்களை அமெரிக்காவிற் சோதித்தனர். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் என்பன அவை. வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழை. கறுப்பர் பேச்சில் 35 பிழை. இருவரும் பேசியது ஆங்கிலமே. கறுப்பர் பேசும் வழக்கிலிருந்து போதிய பதிவுகள் யந்திரங்களுக்கு ஊட்டப்படாமையே இதற்குக் காரணமாதல் கூடுமென்று அவர்கள் கருதினர். பேச்சிற் குறையில்லை, பயிற்சியிலேதான் குறை. ஒரே நாட்டில் ஒரே மொழியிலேயே இவ்வேற்றுமை எனின், நம் நிலையைச் சொல்லவேண்டுமோ? 2022இல் ஓபன்ஏஐ கம்பெனி வெளியிட்ட ‘விஸ்பர்’ என்னும் யந்திரத்திற்கு மொத்தம் 680,000 மணி நேரப் பதிவு ஊட்டப்பட்டது. அதில், ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து, அவ்வம்மொழியிலேயே எழுதப் பயிற்ற உதவியது 117,000 மணி நேரமேயாகும்.

தமிழுக்கோ தனிச் சிக்கல்களும் உண்டு. நாம் எழுதுவது ஒரு தமிழ். பேசுவது வேறொரு தமிழ். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுவோம், ‘வந்துட்டிருக்கேன்’ என்போம். நூலைப் படித்த குரலால் யந்திரத்தைப் பயிற்றினால் அது மேடைப் பேச்சை அறியும். அடுக்களைப் பேச்சை அறியாது. அதன்மேலும், ஊருக்கு ஊர் வேறுபாடு. மலேசியத் தமிழன் ‘பத்து வெள்ளி’ என்றால் பணத்தைச் சொல்கிறான். தமிழ்நாட்டான் அதனை உலோகமென்றோ கிழமையென்றோ எண்ணுவான். ‘பசியாறியாச்சா?’ என்பது நமக்குக் காலை உணவைப் பற்றிய கேள்வி. ‘கித்தா’ என்றால் நம் முன்னோருக்கு ரப்பர். ‘ரோத்தான்’ என்றால் பிரம்பு. இவை பிழைகளல்ல. நூறாண்டுகளுக்கு மேலாக மலாய் மக்களோடும் சீன மக்களோடும் ஒரே மண்ணில் வாழ்ந்த ஒரு கூட்டத்தின் வரலாறு இச்சொற்களிற் படிந்திருக்கிறது.

தொல்காப்பியர் தமிழ்ச் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாக வகுத்தார். புறநிலங்களில் வழங்கும் சொல்லைத் தள்ளிவிடாமல், ‘திசைச்சொல்’ என்று பெயரிட்டு இலக்கணத்திற்குள்ளேயே இடங்கொடுத்தார். அப்பழந்தமிழ்ப் புலவர் காட்டிய பெருந்தன்மையை இப்புதிய யந்திரமும் காட்ட வேண்டும் என்பதே நம் வழக்கு.

காட்ட இயலாதது அன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ஏஐ4பாரத் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர், 2024இல் ‘இண்டிக்வாய்சஸ்’ என்ற ஒலித் தொகுப்பை வெளியிட்டனர். முதலில் வெளிவந்த தொகுப்பில் 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல், 7,348 மணி நேரம் அடங்கியிருந்தது. அதிற் பெரும்பகுதி நூலைப் படித்ததன்று; மனத்தில் தோன்றியபடி இயல்பாகப் பேசியது. மாவட்டந்தோறும் ஆட்களை அனுப்பிப் பல வயதினரையும் பல தொழிலாளரையும் பேசச்செய்து பதிந்தனர். இது அரிய தொண்டு. ஆனால் அந்த 145 மாவட்டங்களுள் பினாங்கு இல்லை, கெடா இல்லை, பேராக் இல்லை. அவை இந்திய மாவட்டங்கள். அங்ஙனமே இருத்தல் முறை. எனவே நம் குரலை நாம் கொடுத்தாலன்றி அத்தகைய தொகுப்பில் அது சேரப் போவதில்லை.

இங்கே நம்மவருள் கற்றோரைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். தோட்டத்துப் பேச்சைக் ‘கொச்சை’ என்று ஒதுக்கியது யந்திரம் மட்டுமன்று. பிள்ளை வாய் திறந்தவுடன், “தோட்டக்காட்டுத் தமிழ் பேசாதே” என்று அதட்டும் பெற்றோர் பட்டணத்திற் பலருண்டு. மேடையேறினால் நூல் தமிழ், ஆபீசில் ஆங்கிலம், கடையில் மலாய், பாட்டியின் தமிழுக்கு வீட்டின் பின்கட்டு! 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, இந்நாட்டில் தமிழ்க் கல்விக்காகப் பாடுபட்டோர் நன்றிக்குரியர். அவர்கள் எழுத்துத் தமிழைக் காத்தனர். பேச்சுத் தமிழைக் காப்பதற்கோ பள்ளிக்கூடம் கிடையாது. அதனைப் பேசுவோரை மதித்தல் ஒன்றே வழி. நாம் மதியாத பேச்சை அயல் நாட்டுக் கம்பெனி மதிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்?

ஆனால் குரலைக் கொடுப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதன்று. மனிதன் குரல் அவன் கைந்நாட்டுப் போன்றது. பிறர் குரலைப் போலச் செய்து பணம் பறிக்கும் வஞ்சகரும் இக்காலத்துளர். மொசில்லா நிறுவனம் 2017இல் தொடங்கிய ‘காமன் வாய்ஸ்’ என்னும் பொது ஏற்பாட்டில், எவரும் தம் குரலை மனமுவந்து அளிக்கலாம். தமிழும் அதில் உண்டு. அவ்வாறு கொடுத்தது பொதுச் சொத்தாகும். ஏழை மாணவனும் அதனைக் கொண்டு ஆராயலாம். கோடீசுவரக் கம்பெனியும் அதனைக் கொண்டு பொருளீட்டலாம். இரண்டையும் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும். நம் முதியோரிடம் கேட்கச் செல்லும் இளைஞர், இதனை அவர்கள் மொழியிலேயே விளக்கிச் சம்மதம் பெற்ற பின்னரே பதிவுக் கருவியைத் திறக்க வேண்டும். விளங்காத காகிதத்தில் பெருவிரல் பதிக்கச் செய்த காலத்தை நம் இனம் ஒருமுறை கண்டது போதும்.

அடுத்து, யந்திரத்தை வைத்து வேலை வாங்குவோர் செய்ய வேண்டியதைக் கூறுவேன். இதற்கு நான் பெரிய சாத்திரம் எதையும் தேடப் போவதில்லை. என் தொழில் வழக்கமே போதும். குலை வெட்டும் தொழிலாளி ஒருவன் என் மேசைக்கு வந்து, “நேற்று நான் வெட்டியது அறுபது, நீங்கள் எழுதியது ஐம்பத்திரண்டு” என்றால், நான் கணினியைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பலாகாது. லோரி இன்னும் ஏற்றிப் போகவில்லையாயின், அவனோடு நடந்து சென்று, குலைகளை அவன் கண்முன் திரும்ப எண்ண வேண்டும். எண்ணிய பின் அவன் சொன்னதே சரியாக இருப்பதுமுண்டு. என் கணக்கே சரியாக இருப்பதுமுண்டு. எவ்வாறாயினும் அவன் வயிற்றெரிச்சலோடு திரும்புவதில்லை. கணக்கெழுதுபவன்மேல் தொழிலாளிக்குள்ள உரிமை இதுவே: தன் கணக்கைத் தான் பார்க்கும் உரிமை, மறு எண்ணிக்கை கேட்கும் உரிமை, கேட்டதற்காகத் தண்டிக்கப்படாமலிருக்கும் உரிமை.

இவ்வுரிமை யந்திரக் கிராணியின் முன்னும் இருத்தல் வேண்டும். குலையையாவது லோரி ஏற்றிச் சென்றுவிடும். பேச்சோ பதிவாகி அப்படியே இருக்கிறது. மீண்டும் கேட்டுப் பார்ப்பதில் என்ன தடை? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நிலையங்கள் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்கவும், பிழையிருப்பின் திருத்தக் கோரவும் ஒருவனுக்கு வழி வகுத்திருக்கிறது. சட்டம் ஏட்டிலிருந்தால் மட்டும் போதாது. கேட்பவர் இருக்க வேண்டும். கேட்பவருக்குத் துணை நிற்கும் சங்கங்கள் இருக்க வேண்டும். ஊழியர் ஒருவருடைய உயர்வும் தாழ்வும் யந்திரம் போட்ட எண்ணால் தீர்மானிக்கப்படுமாயின், அந்த எண் எப்படி வந்ததென்று அவருக்கு விளக்கப்பட வேண்டும். யந்திரத்திற்குத் தெரியாத மொழியில் நடந்த உரையாடலுக்கு அது மதிப்பெண் போடவே கூடாது. மூன்று முறை சொல்லியும் விளங்காதபோது, நான்காம் முறை கேளாமல் மனிதன் ஒருவனிடம் வழிவிடும் ஒழுங்கு எல்லாக் கூடங்களிலும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்யச் செலவாகுமே என்று கூறுவாருளர். ஆகும். நேர்மையான தராசுக்கும் அந்நாளிற் செலவாயிற்று. அச்செலவைத் தோட்டக்காரர் தாமாக ஏற்றதாக நான் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டுப் பெற்றனர் நம் முன்னோர். யந்திரம் பொய் சொல்லாது என்று கூறுவாரும் உளர். பொய் சொல்லாதுதான். ஆனால் தெரியாததைத் தெரியாதென்று சொல்லாமல், தெரிந்ததுபோல் எழுதிவிடுகிறதே. அது பொய்யினும் தீங்கு விளைக்காதா? பொய்யனை முகத்தைப் பார்த்தாவது அறியலாம்.

தோழர்களே! பேச்சறி யந்திரத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டுவதில்லை, வணங்கவும் வேண்டுவதில்லை. அது ஒரு கிராணி. கிராணியை எப்படி நடத்த வேண்டுமென்பது தோட்டத்துத் தமிழனுக்கு நன்றாகத் தெரியும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிழையிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்ல வேண்டும். நம் மொழி தெரியாதவனாயின், முதலில் அதனைக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்ப வேண்டும். கற்பிக்கும் பொறுப்பில் நமக்கும் ஒரு பங்குண்டு. தோட்டத்தில் பால்வெட்டிய கிழவர்களும், குலை பொறுக்கிய கிழவிகளும், கடைத்தெருவில் மாலை கட்டுவோரும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் பேச்சை யார் பதிவு செய்வது, எப்பொழுது பதிவு செய்வது என்று அந்தந்த ஊர்ச் சங்கங்கள் இவ்வாண்டே கூடி முடிவு செய்தல் நலம். அவர்களுக்குக் காலம் அதிகமில்லை.